ஞானையன் வாற்றுப் பாத்திரம் தேர்ந்தெடுத்த விதம்

வாற்றுப் பாத்திரம் வாங்குவதற்குச் சர்க்காரிடம் அனுமதி கேட்டு மனுப் போட்ட முதல் ஆள் ஆரியங்கோட்டு ஞானையன். அவருக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பாத்திரங்களில் சாராயம் காய்ச்சி வாற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கும் மனுப் போடத் தோன்றவில்லை. ஞானையனுக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அவர் முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன ஆபீசில் இருந்து ஹெட் கிளார்க்காக ரிட்டயர் ஆனவர். அனுமதி வாங்கிச் செய்தால் எந்தப் பாவமும் பொழுதுபோக்காகிவிடும் என்பது அந்த உத்தியோகத்தில் அவர் அடைந்த ஒரே ஞானம்.

விஷயம் அன்னாசியில் தொடங்கியது. பழைய ரப்பரை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்தபோது, எல்லாரையும் போல ஞானையனும் இடையில் அன்னாசி போட்டார். எல்லாரும் போட்டதால் விலை விழுந்தது. பழம் எடுக்க வரும் லாரிக்காரர் முதலில் நாளை வருகிறேன் என்றார். பிறகு போன் எடுப்பதை நிறுத்தினார். பழங்கள் தோட்டத்திலேயே வெடித்து, மணம் ரோடு வரைக்கும் வந்தது. அந்த வாரம் அவர் போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஏதோ ஒரு குளிர் தேசத்தில், வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், தன் தோட்டத்துப் பழத்தைச் சின்னச் செம்புப் பாத்திரத்தில் வாற்றி, மனைவியோடு உட்கார்ந்து, எதிரே மலையைப் பார்த்தபடி விரலளவு கண்ணாடிக் குப்பியில் குடிக்கிறார்.

ஞானையன் யோசித்தார். மலை தன் வீட்டிலிருந்தும் தெரிகிறது. பழம் உண்டு. மனைவி உண்டு. பாத்திரம் மட்டும்தான் இல்லை.

சபையில் திருவிருந்துக்குக் கொடுக்கும் திராட்சைச் சாற்றைத் தவிர அவர் எதையும் குடித்ததில்லை. ஆனாலும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஆபீசுக்கு முப்பத்தொரு வருடம் பம்பு செட் தேர்ந்தெடுத்தவர் அவர். ஒரு நீளத் தாளை எடுத்துக் கோடு போட்டார். செம்புப் பாத்திரம், ஸ்டீல் பாத்திரம், குக்கர் என்று மூன்று வரிசை. கொள்ளளவு, எடை, கழுவ எளிதா, மரியாதை என்று நான்கு பத்தி. மரியாதையில் செம்புக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தார். குக்கருக்கு இரண்டு. மூன்று வாரம் ஆகியும் தாள் முடியவில்லை.

அவர் மனைவி விமலகுமாரி, சபையில் பெண்கள் சங்கத்தின் செக்ரட்டரி. வருடந்தோறும் மதுவிலக்கு ஞாயிறன்று மைக் பிடிப்பவர். தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னைப் பாக்க வந்தப்பம் பத்து நிமிசமாக்கும் இருந்தீங்க. அதுலயும் எட்டு நிமிசம் பழம் தின்னீங்க. இந்தக் கலத்துக்கு மூணு வாரமா?"

"இது பொறுப்பா செய்ய வேண்டிய காரியம். சர்க்காருட்ட கேட்டிட்டு வாங்கப் போறேன்."

"நம்ம ரோட்டுல மட்டும் ஏழு வீட்டுல குக்கருல வாற்றுது. ஒருத்தனாவது சர்க்காருட்ட கேட்டானா?"

"அதாக்கும் அவனுகளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்."

"தெரியும். அவனுகளுக்குக் கிட்டும்."

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையும் தாளுமாக ஞானையன், கள்ளச்சாராயம் பிடிக்கும் எக்சைஸ் ஆபீசுக்குப் போனார். முன்னறையில் இருந்தவர் ஆபீசர் அஜீஷ். முப்பத்தைந்து வயது, சிரித்த முகம், தொளதொள யூனிபாரம்.

"என்ன காரியம்?"

"ஒரு வாற்றுப் பாத்திரம் வாங்கணும் சாரே. எது வாங்கலாம்னு கேக்க வந்தேன்."

அஜீஷ் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு கதவை. பிறகு உள்ளே போய் இன்ஸ்பெக்டர் ரெஜியிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்வது கேட்டது. 'விஜிலன்ஸ்' என்ற சொல் மட்டும் ஞானையன் காதில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் அவர் முன்னால் சாயாவும் இரண்டு பழம்பொரியும் இருந்தன. முப்பத்தொரு வருடம் சர்க்கார் ஆபீசில் இருந்தவர், ஒரு சர்க்கார் ஆபீசில் தனக்குச் சாயா கிடைத்தது இதுவே முதல் தடவை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

அவர் யாருடைய ஒற்றனும் இல்லை, உண்மையாகவே கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று தெளிவாவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. தெளிவானதும் பழம்பொரித் தட்டு உள்ளே போனது. இன்ஸ்பெக்டர் ரெஜி நாற்காலியில் சாய்ந்தார். கனத்த மீசை, கனத்த குரல்.

"ஞானையன் சாரே, ஒரு காரியம் புரிஞ்சுக்கிடணும். இந்த ஆபீஸ் தொடங்கினதுக்குப் பெறகு ஒருத்தனும் வாசல் வழியா வந்து கேட்டதில்ல. ஆளுகள நாங்க தேடிப் போவோம். அவனுக ஓடுவானுக. நாங்க பின்னால ஓடுவோம். அதாக்கும் முறை. நீங்க இப்படி நேரா வந்து நின்னா நாங்க எங்க ஓடுகது?"

"அப்பம் அனுமதி தர மாட்டீங்களா?"

"தர மாட்டோம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. தருவோம்னு சொல்லவும் அதிகாரம் இல்ல. மனுவ வாங்கி வைக்க அதிகாரம் உண்டு."

ஆனால் அதற்கான படிவம் இல்லை. அஜீஷ் அலமாரியைக் குடைந்து, கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை எடுத்தார். ஆஸ்பத்திரிகள் ஸ்பிரிட் வாங்குவதற்கான படிவம். ஞானையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நோயாளிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதப் போனார்.

"இல்லைன்னு எழுதினா மனுவத் தள்ளிருவாங்க" என்றார் அஜீஷ்.

தன்னையும் மனைவியையும் சேர்த்து 'இரண்டு' என்று எழுதினார். படுக்கைகள்: ஒன்று. ஆம்புலன்ஸ் வசதி என்று கேட்டிருந்த இடத்தில் 'ஸ்கூட்டர்' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

இரண்டு வாரத்தில் முதல் கடிதம் வந்தது. பாத்திரத்தை நேரில் ஆய்வு செய்யாமல் அனுமதி பற்றி முடிவெடுக்க இயலாது, பாத்திரத்துடன் ஆஜராகவும். அனுமதி இல்லாமல் பாத்திரம் வாங்க முடியாதே என்று பணிவாகப் பதில் எழுதினார். இரண்டாவது கடிதம் வந்தது.

'அனுமதியின்றி வாற்றுப் பாத்திரம் கைவசம் வைத்திருப்பது பத்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய, ஜாமீன் இல்லாத குற்றம். எனவே பாத்திரத்துடன் ஆஜரானால் தாங்கள் கைது செய்யப்படுவீர்கள். பாத்திரம் இல்லாமல் ஆஜரானால் மனு தள்ளுபடி செய்யப்படும். இவற்றில் எது தேவை என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

ஞானையன் அதை இரண்டு தடவை படித்தார். கோபம் வரவில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாத கடிதம். ஒரு தடவை வாய்க்காலில் தண்ணீர் கேட்டு வந்த விவசாயிக்கு, வாய்க்காலில் தண்ணீர் வராததால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது என்றும், தண்ணீர் வந்துவிட்டால் விண்ணப்பத்துக்குத் தேவையில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அன்றைக்கு அந்த விவசாயி ஏன் வராந்தாவில் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பது இப்போதுதான் விளங்கியது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். ரெஜி அன்று நல்ல மனநிலையில் இருந்தார். அந்த வட்டாரத்தை 'வாற்று இல்லாத வட்டாரம்' என்று அறிவித்துத் திருவனந்தபுரத்துக்கு அறிக்கை போயிருந்தது. விருது வரும் என்று பேச்சு. ஆபீஸ் வாசலில் பெயின்ட் மணக்கும் புதுப் பலகை நின்றது.

"மனுவில ஒரு குறைதான் உண்டு சாரே. என்ன மாதிரிப் பாத்திரம்னு தெளிவில்ல" என்றார் ரெஜி. "ஒண்ணு செய்யுங்க. எங்க தொண்டி அறையில எல்லா மாதிரியும் உண்டு. பாத்து ஒண்ணு தேர்ந்தெடுங்க. அதே மாதிரின்னு மனுவில சேத்துக்கிடலாம். அஜீஷே, சாருக்குக் காட்டு."

தொண்டி அறை என்பது, வழக்குகளில் பிடித்த பொருட்களைக் கோர்ட்டு கேட்கும் வரை பூட்டி வைக்கும் இடம். அஜீஷ் விளக்கைப் போட்டதும் ஞானையனுக்குக் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போன கடை ஞாபகம் வந்தது. குக்கர்கள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. அலுமினியக் குட்டுவங்கள், மண்பானைகள், சுருள் குழாய்கள், ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய சீட்டு.

"இது அம்பூரிக்காரனுக்கது" என்று அஜீஷ் ஒரு அலுமினியப் பானையைத் தட்டினார். "வாங்கவே செய்யாதீங்க. மூடி சரியா அமராது. சரக்குக்கு ஒரு புகை மணம் வந்திரும். இந்தக் குக்கரு பாருங்க, இது நல்ல குக்கரு. ஆனா ருசி தட்டையா இருக்கும். முன் நாக்குல ஒண்ணும் தெரியாது, தொண்டையிலதான் தெரியும்."

"சாருக்கு எப்படித் தெரியும்?"

"பரிசோதன செய்யணுமே. செய்யாம கேஸ் எழுத முடியுமா?" அஜீஷ் மூலைக்குப் போனார். அங்கே ஒரு செம்புப் பாத்திரம் இருந்தது. வயிறு அகன்று, கழுத்து நீண்டு, ஈயம் பூசி, விளக்கு வெளிச்சத்தில் சிவந்து நின்றது. அஜீஷின் குரல் தாழ்ந்தது. "இது நம்ம ஆரியங்கோட்டு சோமனுக்கது. இருபத்தெட்டு வருசமா வாற்றுதாரு. கருப்பட்டியும் பட்டையும் போட்டு. மூணு வருசம் முன்ன புடிச்சோம். சாரே, சத்தியமா சொல்லுதேன், அந்த மனுசன் கையில ஒரு வரம் உண்டு. புடிச்ச அன்னைக்கு எங்க ஆபீசுல ஆரும் மத்தியானம் சோத்துக்குப் போகல்ல."

ஞானையன் பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினார். இடையில் அரக்கு முத்திரை வைத்த ஒரு கேன் கிடந்தது. நகர்த்தக் குனிந்து தூக்கியவர், வேகத்தில் பின்னால் விழப் பார்த்தார். பத்து லிட்டர் கேன் பூமாலை மாதிரி மேலே வந்தது.

"இது காலியா இருக்கே!"

அஜீஷ் கேனை வாங்கி மெல்லக் கீழே வைத்தார். "ஆவியாயிப் போச்சு."

"முத்திரை உடையல்லியே?"

"அதாக்கும் முத்திரைக்க தரம்."

ஞானையன் மனுவில் 'சோமன் என்பவரின் பாத்திரம் மாதிரி' என்று சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றே அன்னாசியை வெட்டி, பழைய மாட்டுத் தொழுவத்தில் ஒரு நீல டிரம்மில் ஊறப் போட்டார். ஊறல் போடுவதற்கும் தனி அனுமதி வேண்டுமா என்று ஒரு கடிதம் எழுதி, அதைத் தபாலில் சேர்க்கவும் செய்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஜீப் வந்து வாசலில் நின்றது. ஞானையன் ஓடிப்போய்த் தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். விமலகுமாரி சமையலறையிலிருந்து வந்து, அவர் முகத்தையும் ஜீப்பையும் பார்த்துவிட்டு, பெட்டியில் இருந்து அவருடைய ஒரு வேட்டியும் ஸ்வெட்டரும் எடுத்து மடக்கத் தொடங்கினார். ஜெயிலில் குளிரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார்.

ஆனால் இறங்கியவர் சாதாரணச் சட்டை போட்ட ரெஜி. உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மேலே பைபிள் வசனம் எழுதிய காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஞானையன் சாரே, திங்கக்கிழமை சோமனுக்க கேஸ். தொண்டிச் சாராயத்தைக் கோர்ட்டுல காட்டணும்னு அவனுக்க வக்கீல் கேட்டிட்டாரு. மாஜிஸ்ட்ரேட் உத்தரவும் போட்டாச்சு."

"காட்டுங்க."

"என்னத்தக் காட்டுகது?"

ரெஜி தொடர்ந்தார். "மூணு வருசத்துச் சூடு சாரே. எங்க ஆபீசு ஓட்டுக் கட்டிடம். ஆவியாகத்தான் செய்யும். எனக்கு இப்பம் பத்து லிட்டர் வேணும்."

விமலகுமாரி குறுக்கிட்டார். "இந்த ரோட்டுல ஏழு வீட்டுல கிட்டுமே. நான் வேணுமெங்கில் வீட்டைக் காட்டுதேன்."

ரெஜி நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் ஏறியவர் போல அவர் குரல் மாறியது. "அம்மா, அப்படிச் சொல்லப்பிடாது. இது வாற்று இல்லாத வட்டாரம். நானாக்கும் கையெழுத்துப் போட்டது. வாற்று இல்லாத வட்டாரத்துல நான் போய் வாற்றுச் சாராயம் கேட்டா, அறிக்கைக்க மானம் என்னாகும்? இந்த டிபார்ட்மென்ட் நூறு வருசமா நிக்கது உண்மையால இல்ல அம்மா, காகிதத்தாலயாக்கும். எங்களுக்கு வெளியில எத்தன லிட்டர் ஓடுதுங்கது பிரச்சனை இல்ல. உள்ள எத்தன லிட்டர் இருக்குன்னு எழுதினோமோ அத்தன லிட்டர் இருக்கணும்."

பிறகு ஞானையன் பக்கம் திரும்பினார். "இந்த வட்டாரத்துல காகிதப்படி வாற்றப் போறேன்னு சொன்ன ஒரே ஆளு நீங்க. மனு பரிசீலனையில உண்டு. செயல்விளக்கம்னு எழுதிக்கிடலாம். பாத்திரம் நான் தாறேன். சோமனுக்க செம்பு. சாரு ஒரு நிபுணர் மாதிரி செய்து காட்டினா, எனக்கும் மேலே எழுத ஒரு எளுப்பம்."

நிபுணர். முப்பத்தொரு வருடத்தில் ஞானையனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பத்து வருடச் சிறையும், சபையும், பெண்கள் சங்கமும், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோயின.

"எழுத்துல ஒரு உத்தரவு தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எழுத்துல வேண்டாம்" என்றார் ரெஜி. "நம்பிக்கைதானே எல்லாம்."

ரெஜி போனதும் விமலகுமாரி, மடக்கிய ஸ்வெட்டரைப் பெட்டியில் திருப்பி வைக்காமல் மேலேயே வைத்தார். "இருக்கட்டும். திங்கக்கிழமைக்குப் பெறகு பாப்போம்" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அஜீஷ் செம்புப் பாத்திரத்தை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். யாராவது வந்து ஞானையனைப் பிடித்துவிடாமல் இருக்க, யூனிபாரத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பின்புறம் அடுப்பு கூட்டி ஞானையன் வேலையைத் தொடங்கினார். இடது கையில் குளிர் தேசத்து வீடியோ, வலது கையில் அகப்பை.

வாசலில் எக்சைஸ் ஜீப் நிற்பதைப் பார்த்து ஊர் வேறு முடிவுக்கு வந்தது. பத்து மணிக்கு ரத்னபாய் தலைமையில் பெண்கள் சங்கத்தார் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். "விமலே, மனசு தளராதே, தைரியமா இரி" என்று ரத்னபாய் விமலகுமாரியைக் கட்டிக்கொண்டார். உள்ளறையில் பாய் விரித்து ஜெபம் தொடங்கியது. இந்த வீட்டின் மேல் வந்திருக்கிற சோதனையைக் கர்த்தர் நீக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்புறத்தில் குழாயின் நுனியில் முதல் சொட்டு திரண்டது. விமலகுமாரி கண்ணை மூடியபடியே எழுந்துபோய், அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் முழங்காலில் நின்றார். மூன்று பாட்டு பாடினார்கள். குக்கரில் வாற்றும் அந்த ஏழு வீட்டில் இரண்டு வீட்டுக்காரிகளும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு மணம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள்தான் மற்றவர்களைவிட உரக்கப் பாடினார்கள்.

பாட்டுக்கு ஞானையன் வெளியிலிருந்து கூடவே முணுமுணுத்ததில் அடுப்பைக் கவனிக்கவில்லை. அடி பிடித்துவிட்டது. மத்தியானம் கேன் நிறைந்தபோது, சாராயம் கஞ்சித் தெளிவு போல மங்கலாக இருந்தது. கரிந்த சர்க்கரை, அழுகிய அன்னாசி, பழைய டயர் மூன்றும் சேர்ந்த மணம். ஞானையன் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு பிரமாதமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அஜீஷ் ஒரு மூடியளவு வாய்க்குள் விட்டார். கண்களை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை.

"எப்படி?" என்றார் ஞானையன்.

"தொண்டிக்கு இது போதும்" என்றார் அஜீஷ்.

திங்கட்கிழமை கோர்ட்டுக்கு ஞானையன் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை. மகள் பரத நாட்டியம் ஆடும் ஹாலுக்குப் போகும் தகப்பனைப் போல, நல்ல சட்டை போட்டு, கடைசி பெஞ்சில் இடம் பிடித்தார். குற்றவாளிக் கூண்டில் சோமன் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், கைகளைக் கட்டியபடி ஒரு பொறுமை.

மாஜிஸ்ட்ரேட் கண்டிப்பான பெண்மணி. கேனின் முத்திரையை உடைக்கச் சொன்னார். புது அரக்கு இன்னும் பளபளத்தது. மூடி திறந்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு வக்கீல்கள் கைக்குட்டை தேடினார்கள்.

"இது என்ன, பைனாப்பிளா?" என்றார் மாஜிஸ்ட்ரேட். ரிக்கார்டைப் புரட்டினார். "கருப்பட்டியும் மரப்பட்டையும் சேர்த்து வாற்றியதுன்னு எழுதியிருக்கே?"

ரெஜி எழுந்தார். சல்யூட் அடித்தார். "மதிப்புக்குரிய கோர்ட்டுக்கு முன்னால ஒரு காரியம் தெரியப்படுத்தணும். எங்க தொண்டி அறை பழைய கட்டிடம். பின்னால அன்னாசித் தோட்டம். மூணு வருசம் அந்த மணம் கேனுக்குள்ள இறங்கியிருக்கணும். எங்க பாதுகாப்புல இருக்க சரக்கு கெட்டுப்போகாது. நாளாக நாளாக மேம்படத்தான் செய்யும்."

"மூடி முத்திரை வச்ச கேனுக்குள்ள?"

"மணத்துக்கு முத்திரை வைக்கச் சட்டத்துல இடமில்ல, மேடம்."

சோமன் கையை அவிழ்த்துக் கூண்டின் கம்பியைப் பிடித்தார். "ஒருக்க நான் மோந்து பாக்கலாமா?" என்று கேட்டார். அவர் வக்கீல் வேண்டாம் என்று கண் காட்டினார். மாஜிஸ்ட்ரேட் அனுமதித்தார். அஜீஷ் கேனைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் சோமனின் கண்ணைப் பார்க்கவில்லை.

சோமன் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, குத்தம் நான் ஒத்துக்கிடுதேன்" என்றார். வக்கீல் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். சோமன் உதறினார். "இருபத்தெட்டு வருசமா வாற்றுதேன். புடிச்சதும் நெசம். எத்தன வருசம் வேணும்னாலும் போட்டுக்கிடுங்க, நான் போறேன். ஆனா இது நான் வாற்றினது இல்ல. இந்த எழவை நான் வாற்றினதுன்னு கோர்ட்டுல எழுதி வச்சா, நாளைக்கு நான் எப்படி ஊருல தல நிமிந்து நடப்பேன்? எனக்கு மருமகன் உண்டு. பேரப் பிள்ளைக உண்டு. இத வாற்றினவனுக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாது. ஊறல் பாகம் ஆனது தெரியாது. அடி பிடிச்சது தெரியாது. மூக்குன்னு ஒண்ணு மொகத்துல உண்டுங்கதே தெரியாது!"

கடைசி பெஞ்சில் ஞானையன் தலையைக் குனிந்து, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறைக்குப் போவதைப் பற்றி ஒரு வாரமாகப் பயந்தவர், அந்த நிமிடம் யாராவது தன்னைக் கைது செய்து வெளியே கொண்டுபோனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

கோர்ட்டு முன்னால் இல்லாத ஒரு சாராயத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் பதிவு செய்ய இயலாது என்றார் மாஜிஸ்ட்ரேட். காட்டப்பட்ட சாராயத்துக்கும் சோமனுக்கும் சம்பந்தம் இருப்பதாக நிரூபணமாகவில்லை, சோமன் விடுதலை. பாத்திரம் வெறும் பாத்திரம். உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவும். தொண்டி அறையைப் பற்றி இன்ஸ்பெக்டர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். சோமன் மட்டும் திருப்தி இல்லாமல் இறங்கினார். "ஆருன்னு கண்டுபுடிக்கணும் அம்மா" என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

ரெஜி அதே வாரத்தில் விளக்கம் எழுதினார். விருதும் அதே வாரத்தில் வந்தது. ஞானையனுக்கு ஒரு கடிதமும் வந்தது.

'மனுதாரருக்கு வாற்றத் தெரியாது என்பது நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருப்பதால், அவருக்கு அனுமதி அளிப்பதோ மறுப்பதோ தேவையற்றது எனத் தீர்மானித்து மனு முடித்து வைக்கப்படுகிறது.'

விமலகுமாரி அதை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் ஸ்வெட்டரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப் மறுபடியும் வந்தது. பின் சீட்டிலிருந்து சோமன் இறங்கினார், கையில் கோர்ட்டு உத்தரவு. பாத்திரத்தை வாங்க அவர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். தொண்டி அறையில் பாத்திரம் இல்லை. பராமரிப்புக்கு அனுப்பியிருக்கிறது என்றிருக்கிறார் அஜீஷ். அப்படியானால் பராமரிக்கும் இடத்துக்கே போவோம் என்று சோமன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தொழுவத்துக்குள் போன சோமன், செம்பைத் தூக்கி வெயிலில் வைத்து உள்ளே பார்த்தார். கையை விட்டு அடியைத் தடவினார். விரலில் கரியும் அன்னாசி நாரும் வந்தன. விரலை மூக்கருகே கொண்டுபோனார். மெல்லத் திரும்பி ஞானையனைப் பார்த்தார்.

ஞானையன் தூணைப் பிடித்துக்கொண்டார். "நானாக்கும் சோமா. அடி பிடிச்சிட்டு."

சோமன் விரலை வேட்டியில் துடைத்தார். இந்த ஆளைத் திட்டுவதா கும்பிடுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"சாரே" என்றார் கடைசியில். "நீங்க வாற்றினதுனாலயாக்கும் நான் இப்பம் வெளியில நிக்கேன். அதுக்கு நன்றி உண்டு. எங்க வீட்டுல விளக்கு வைக்கும்போ உங்க பேரும் சொல்லுவாங்க. ஆனா இனி ஒருத்தருக்கு வேண்டியும், எந்தக் காரணத்துக்கும், வாற்றப்பிடாது."

"இல்ல" என்றார் ஞானையன்.

அஜீஷ் ரசீதை நீட்டினார். 'பாத்திரம் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. சோமன் படித்துப் பார்த்து, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல நிலையில இல்லியே. விளக்கித் தந்தா ஒப்புப் போடுதேன்."

விமலகுமாரி புளியும் உப்பும் தேங்காய் நாரும் கொண்டுவந்து வைத்தார். சோமனுக்கு நாற்காலி போட்டுச் சாயா கொடுத்தார். ஞானையன் வேட்டியை மடித்துக் கட்டி, செம்பைக் கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அஜீஷ் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு, மறுபக்கம் உட்கார்ந்து கழுத்தைத் தேய்க்கத் தொடங்கினார். சோமன் சாயாவை ஊதிக் குடித்தபடி, அங்க, இன்னும் கொஞ்சம் கீழ, அந்தச் சுருளுக்க உள்ள, என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் செம்பு சிவந்து வந்தது. சோமன் எழுந்து வந்து, வெயிலில் சாய்த்துப் பார்த்து, உள்ளே விரல் வைத்துத் தேய்த்தார். விரல் சுத்தமாக வந்தது.

"சாரு நல்லா விளக்குதீங்க" என்றார்.

முகத்துக்கு நேரே, ஒரு தேர்ந்த ஆளின் வாயிலிருந்து, ஞானையனுக்கு இப்படி ஒரு பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை. சோமன் ரசீதில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும், அவர் இன்னொரு பிடி புளியை எடுத்து, யாரும் சொல்லாமலே கைப்பிடியைத் தேய்க்க ஆரம்பித்தார்.